வெள்ளாற்று முகத்துவாரத்தில் நான்கு நாள்: பறங்கிப்பேட்டையும் பிச்சாவரமும்

முதல் நாள், திரயோதசி – அண்ணாமலை நகர்

சிதம்பரம் ரயில் நிலையத்தில் இறங்குகிறவர்களில் பெரும்பாலானோர் கோயிலைப் பார்த்துத்தான் நடப்பார்கள். தண்டவாளத்துக்குக் கிழக்கே போனால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1929ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கியது. 2013 முதல் முழுக்கத் தமிழக அரசின் கையில் இருக்கிறது. இசை, மொழியியல், வேளாண்மை, மருத்துவம் என்று இந்த வளாகத்தில் படிக்க எவ்வளவோ உண்டு. ஆனால் இந்தப் பல்கலைக்கழகத்தின் மிகப் பெரிய வகுப்பறை இங்கே இல்லை. வடகிழக்கே 20 கி.மீ.க்குள், வெள்ளாறு கடலில் கலக்கும் பறங்கிப்பேட்டையில் இருக்கிறது. அங்குள்ள கடல் உயிரியல் உயராய்வு மையத்தின் வாசலிலேயே ஆறு, கழிமுகம், சேற்றுவெளி, அலையாத்திக் காடு, கடல் ஐந்தும் கிடைக்கும். இத்தனையும் ஒரு நாள் நடைக்குள், படகுக்குள் அடங்கும் இடங்கள் அதிகமில்லை.

அங்கே போவதற்கு முன் இன்றே செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஓதக் கணக்கு, அதாவது கடல்நீர் ஏறி வற்றும் நேரத்தின் கணக்கு. பஸ் நேரத்தைப் பார்த்துக் கிளம்பி வருகிற மாணவர் குழுக்கள், தண்ணீர் நிறைந்து கிடக்கும் கழியைப் பார்த்துவிட்டு, நண்டு ஒன்றும் இல்லை என்று திரும்பிப் போவது இங்கே அடிக்கடி நடக்கிறது. நண்டு இருக்கிறது, அதன் மேல் தண்ணீர் நிற்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கரையில் ஒரு நாளைக்கு இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். ஒவ்வொரு நாளும் சராசரியாக 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம், அஷ்டமியை ஒட்டிக் குறைவு. அதிகம் என்றாலும் குஜராத் கரை மாதிரி இல்லை, ஒரு மீட்டர் அளவுதான். பௌர்ணமியன்று கடலில் காலை எட்டரை, ஒன்பது மணிவாக்கில் ஏற்றம் உச்சத்தைத் தொடும், பிற்பகல் மூன்று மணிவாக்கில் வற்றம் அடியைத் தொடும். அதாவது அமாவாசை, பௌர்ணமிக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் வந்தால், நல்ல வற்றம் பகல் வெளிச்சத்தில் கிடைக்கும். அஷ்டமியில் வந்தால் வற்றம் காலையிலேயே வந்துவிடும், சேறும் போதுமான அளவு வெளியே தெரியாது. முகத்துவாரத்திலிருந்து உள்ளே போகப் போக இரண்டும் தாமதமாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினம், சென்னைத் துறைமுக ஓத அட்டவணைகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, கரையில் உள்ள மீனவர் ஒருவரிடம் "வத்தம் எத்தனை மணிக்கு?" என்று கேட்டுச் சரிபார்ப்பது நல்லது. அவர்கள் திதியை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

மாதங்களில் தை, மாசி சிறந்தவை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வெள்ளம் வந்தால் கழிமுகமே நன்னீராகிவிடும். சித்திரை, வைகாசியில் உயிர்கள் உண்டு, ஆனால் சேற்றில் நிற்க வெயில் விடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம், ஆகவே மீன் இறங்குதளமும் வெறிச்சென்று இருக்கும்.

அனுமதி விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். கல்லூரிக் குழு என்றால் மையத்துக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி, தேதியும் ஆள் எண்ணிக்கையும் குறிப்பிட்டுச் சம்மதம் வாங்கிவிட வேண்டும். பிச்சாவரம் வனத்துறையின் காப்புக்காடு. படகில் சுற்றிப் பார்ப்பது வேறு, இலையோ விதையோ சேறோ எடுப்பது வேறு. எடுப்பதென்றால் வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். கடல்குதிரையும் கடல் அட்டையும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. வலையில் உயிரோடு வந்தால் திரும்பத் தண்ணீரில் விட வேண்டும். செத்துக் கிடந்தாலும் நினைவுக்கென்று பையில் போடக் கூடாது.

இரண்டாம் நாள், சதுர்த்தசி – அன்னங்கோவிலும் வெள்ளாறும்

விடியும்போதே அன்னங்கோவில் இறங்குதளத்தில் இருக்க வேண்டும். ஏலம் முடிந்துவிட்டால் பாடமும் முடிந்தது. கூடையில் இருக்கும் வஞ்சிரத்தையும் கொடுவாவையும் பார்ப்பதில் தவறில்லை, ஆனால் இனம் பிரித்துப் பழக ஏற்றது விசைப்படகுகள் ஓரமாகக் கொட்டும் கழிவு மீன் குவியல். கோழித்தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் போகும் அந்தக் குவியலில், சந்தைக்கு வராத சின்ன மீன்கள், நண்டுகள், சங்குகள், நட்சத்திர மீன்கள் எல்லாம் கலந்து கிடக்கும். கேட்டுவிட்டு ஒரு கைப்பிடி எடுத்து, தட்டில் தண்ணீர் ஊற்றிப் பரப்பினால் ஒரு மணி நேர வேலை இருக்கிறது.

நண்டிலிருந்து தொடங்குவது எளிது. முதுகில் மூன்று சிவந்த புள்ளி இருந்தால் முக்கண் நண்டு. சிலுவை வடிவக் கோடு இருந்தால் சிலுவை நண்டு. ஆண் நண்டின் காலில் நீலம் ஓடினால் நீலக்கால் நண்டு. புரட்டிப் போட்டு வயிற்று மடலைப் பாருங்கள்: குறுகிக் கூர்மையாக இருந்தால் ஆண், அரைவட்டமாக அகன்றிருந்தால் பெண். அந்த மடலுக்கு வெளியே பஞ்சு மாதிரி முட்டை ஒட்டியிருந்தால் அதன் நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். புதிய முட்டை மஞ்சள், ஆரஞ்சு. பொரிக்கப் போகிற முட்டைக்குள் குஞ்சின் கண் தெரியத் தொடங்குவதால் அது பழுப்பாகிக் கறுத்துவிடும். ஒரு கூடையில் எத்தனை சினை நண்டு, அவற்றில் எத்தனை கறுத்த முட்டையோடு என்று மாதம் ஒருமுறை எண்ணினாலே, இந்தக் கரையில் நண்டு எப்போது பெருகுகிறது என்பது பற்றிய நல்ல குறிப்பு தயாராகிவிடும். பணமோ கருவியோ தேவையில்லாத ஆய்வு இது. இளநிலை மாணவர்கள் இதைச் செய்யாமல் விடுவது வருத்தம்தான்.

காலை ஏற்றம் முடியும் நேரத்தில் ஆற்றுக்கு வந்துவிட வேண்டும். சேலம் மாவட்ட மலைகளிலிருந்து வரும் நீரை எடுத்துக்கொண்டு ஓடிவரும் வெள்ளாற்றில் ஓதத்தின் வேகம் சுமார் 16 கி.மீ. உள்ளே வரை தெரியும். பறங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் நெடுங்காலமாக இதைக் கடல் மண்டலம், உப்பு மாறும் மண்டலம், ஓத மண்டலம், நன்னீர் மண்டலம் என்று நான்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அதை நம்பினால் மட்டும் போதாது, அளந்தும் பார்க்கலாம். முகத்துவாரம், மையத்தின் படித்துறை, ரயில் பாலம், அதற்கும் மேலே ஓரிடம் என நான்கு நிறுத்தங்கள் போதும்.

உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் முதலில் காய்ச்சி வடித்த நீரை ஒரு சொட்டு விட்டு, கோடு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துத் திருகி வையுங்கள். பிறகு மாதிரி நீர் இரண்டு சொட்டு, மூடியை மூடும்போது காற்றுக்குமிழி நிற்கக் கூடாது, அரை நிமிடம் விட்டு வெளிச்சத்தை நோக்கிப் பார்க்க வேண்டும். கடல்நீர் ஆயிரத்துக்கு 35 பங்கு. ஒவ்வொரு அளவுக்குப் பிறகும் நன்னீரால் கழுவித் துடைக்காவிட்டால் முந்தைய உப்பு அடுத்த அளவில் ஏறிவிடும். மேலே போகப் போக எண் ஏறுகிறது என்று யாராவது எழுதியிருந்தால், பெரும்பாலும் காரணம் இந்தத் துடைக்காத கண்ணாடிதான்.

மேல்மட்ட நீரை மட்டும் அளந்துவிட்டுப் போவது அடுத்த தவறு. கடல்நீர் கனமானது, ஆப்பு மாதிரி ஆற்றுநீருக்கு அடியில் நுழையும். மழைக்காலத்தில் மேலே கிட்டத்தட்ட நன்னீர், கீழே உப்பு என்று ஒரே இடத்தில் இரண்டு ஆறு ஓடும். அடிநீர் எடுக்கும் கருவி இல்லாவிட்டால், ஒரு பாட்டிலின் அடியில் கல்லைக் கட்டி, தக்கை மூடிக்குத் தனிக் கயிறு கட்டி இறக்கி, அடியைத் தொடுவதற்கு ஒரு சாண் முன்னால் தக்கைக் கயிற்றைச் சுண்டுங்கள். குமிழி வருவது நின்றதும் தூக்கிவிடலாம். தரையில் இடித்துவிட்டால் சேறு கலங்கும், அந்த மாதிரி வீண்.

மிதவை உயிர்களுக்கு வலை இழுப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. வாய் விட்டம் 35 செ.மீ. உள்ள வலையை 100 மீட்டர் இழுத்தால், வாயின் பரப்பு 0.096 சதுர மீட்டர், ஆகவே வடிகட்டிய நீர் 9.6 கன மீட்டர். தாளில் சரி. வெள்ளாற்றின் வண்டலில் மெல்லிய கண்ணுள்ள வலை சில நிமிடத்திலேயே அடைத்துக்கொள்ளும், பிறகு நீர் உள்ளே போகாமல் வாயை விட்டு விலகி ஓடும். அப்போது உண்மையில் வடிந்தது அதில் பாதிகூட இல்லாமல் போகலாம். வலைவாயில், உள்ளே போன நீரை அளக்கும் ஓட்டமானி பொருத்துங்கள். அது இல்லாவிட்டால், சிறுசிறு இழுப்பாகப் பல தடவை இழுத்து, ஒவ்வொரு தடவையும் வலையைக் கழுவுங்கள். அல்லது பாரம்பரியமான வழி, அளந்த வாளியால் 50 அல்லது 100 லிட்டர் மொண்டு வலையில் ஊற்றுவது. எண்ணிக்கைக்கு அதுதான் நம்பகம். ஒரு லிட்டர் மாதிரிக்கு 50 மி.லி. ஃபார்மலின் போதும். அதில் முன்னதாகவே வெண்காரம் போட்டு அமிலத்தன்மையை எடுத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் சங்குக் குஞ்சுகளின் ஓடு சில வாரத்தில் கரைந்து, பெயர் சொல்ல முடியாத சதைத்துணுக்கு மட்டும் மிஞ்சும்.

மூன்றாம் நாள், பௌர்ணமி, மாசி மகம் – சேற்றுவெளி

இன்று கிள்ளை, பிச்சாவரம் பக்கம் போகத் திட்டம் வேண்டாம். ஸ்ரீமுஷ்ணம் பூவராகசுவாமி தீர்த்தவாரிக்குக் கிள்ளைக்கு எழுந்தருளும் நாள். அங்கே இஸ்லாமியர்களும் சுவாமியை வரவேற்று மரியாதை செய்யும் வழக்கம் பல தலைமுறையாக இருக்கிறது. அதைப் பார்க்கவே ஒரு வருடம் தனியாக வரலாம். ஆய்வுக் கருவிகளைத் தூக்கிக்கொண்டு அந்தக் கூட்டத்தில் புகுந்தால் இரண்டும் கெடும்.

பறங்கிப்பேட்டைக் கரையிலேயே நாள் முழுக்க வேலை இருக்கிறது. மையத்தை ஒட்டிய வெள்ளாற்றங்கரையில் நிற்கும் அலையாத்திகள் தானாக வந்தவை அல்ல, பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நட்டு வளர்த்தவை. நண்பகலுக்கு வெண்கண்டல் மரத்தடியில் நின்று, இலை ஒன்றைச் சாய்த்து வெயிலில் பாருங்கள். பளபளவென்று உப்புப் பொடி தெரியும். நாக்கால் தொட்டால் கரிக்கும். வேர் வழியாக ஏறிய உப்பை இலையில் உள்ள சுரப்பிகள் வெளியே தள்ள, வெயிலில் நீர் போய் உப்பு மட்டும் நிற்கிறது. அதிகாலையில் பார்த்தால் அதே உப்பு பனியில் கரைந்து, இலை நனைந்தாற்போல் இருக்கும். சுரபுன்னை இலையில் இப்படி உப்பு பூக்காது. அது வேரிலேயே பெரும்பகுதி உப்பை வடிகட்டி நிறுத்திவிடும். அலையாத்திகள் எல்லாம் உப்பை ஒரே விதமாகச் சமாளிப்பதில்லை என்பதற்கு இந்த இரண்டு இலையும் போதும்.

இரண்டு மணிக்கெல்லாம் சேறு வெளியே வந்திருக்கும். செருப்பு உதவாது, உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஆளி ஓடு காலைக் கிழிக்கும் என்பதால் வெறுங்காலும் ஆகாது. கயிறு போட்டு இறுக்கிக் கட்டும் பழைய கான்வாஸ் ஷூ சரியாக வரும்.

ஓரிடத்தில் அமர்ந்து பத்து நிமிடம் அசையாமல் இருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு வளை வாயில் இரண்டு கண்காம்பு எழும்பும். அடுத்து கை ஒன்று, உடம்பைவிடப் பெரியது. பிடில் நண்டின் ஆண். அந்தப் பெரிய கையால் அது சாப்பிடுவதில்லை. பெண்ணை அழைக்கவும் மற்ற ஆணை விரட்டவும்தான் அது. சின்னக் கையால் சேற்றைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோய், அதில் ஒட்டிய நுண்பாசியையும் மக்கலையும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை உருண்டையாக உருட்டிக் கீழே வைக்கும். பெண்ணுக்கு இரண்டு கையும் சின்னது, இரண்டாலும் தின்னும். ஆகவே ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை கை வாய்க்குப் போகிறது என்று இரண்டையும் எண்ணிப் பாருங்கள். ஆண் எவ்வளவு நேரம் கூடுதலாக மேய வேண்டியிருக்கிறது என்பது கணக்கிலேயே வந்துவிடும். பக்கத்திலேயே ஈரத்தில் துடுப்பால் ஊன்றித் தத்தும் உளுவை மீன்கள் உண்டு. நிழல் விழுந்தால் எல்லாம் ஒரே நொடியில் மறையும், ஆதலால் சூரியன் உங்கள் முகத்துக்கு நேரே இருக்கும்படி உட்காருங்கள்.

எண்ணிக்கை எடுக்க 50 செ.மீ. சதுரச் சட்டம் போதும். பலரும் வளையை எண்ணி நண்டு என்று எழுதுகிறார்கள். சில வளை காலி, சில வளைக்கு இரண்டு வாய். முதலில் தூரத்திலிருந்து பைனாகுலரில் வெளியே இருக்கும் நண்டுகளை எண்ணி, பிறகு போய் வளைகளை எண்ணி, இரண்டு எண்ணையும் தனித்தனியே எழுத வேண்டும். அதே இடத்தில் ஒரு மீட்டர் சதுரத்தில் வெண்கண்டலின் மூச்சுவேர்களையும் எண்ணுங்கள். பென்சில் மாதிரி நிமிர்ந்து நிற்பவை. அவற்றின் மேல்தோலில் உள்ள நுண்துளைகள் வழியாகத்தான் காற்றில்லாத சேற்றுக்குள் இருக்கும் வேர் மூச்சு விடுகிறது. மிதித்து உடைக்காமல் நடக்கச் சொல்வது அதனால்தான்.

சேற்றுக்குள் வாழும் புழுக்களுக்கு அரை மில்லிமீட்டர் சல்லடை வேண்டும். குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிச் சலித்தால் புழுக்கள் துண்டுதுண்டாகிவிடும். தலை வேறு வால் வேறு ஆன புழுவை வைத்து இனம் சொல்ல முடியாது. சல்லடையைத் தொட்டி நீரில் பாதி அமிழ்த்தி மெல்ல ஆட்ட வேண்டும். மிஞ்சியதை ஃபார்மலினில் போடும்போது ரோஸ் பெங்கால் சாயம் சிட்டிகை கலந்துவிட்டால், உயிராக இருந்தவை இளஞ்சிவப்பாகி, தழைத்துணுக்குகளிலிருந்து பிரிக்கச் சுலபமாக இருக்கும்.

சேற்றுவெளியில் நேரம் போவது தெரியாது. நீர் திரும்பும்போது பிடில் நண்டுகள் மேய்ச்சலை விட்டு, சேற்றுக் கட்டி ஒன்றை இழுத்துவந்து வளைவாயை அடைத்துக்கொள்ளும். அதைப் பார்த்ததும் சாமான்களை எடுத்துக் கரையேறிவிடுங்கள்.

நான்காம் நாள், பிரதமை – பிச்சாவரம்

பிச்சாவரம் சுமார் 1,100 எக்டேர் காடு, ஐம்பதுக்கும் மேற்பட்ட திட்டுகள், வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும். 2022ல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மோட்டார் படகு அகன்ற நீரில்தான் போகும், சத்தத்தில் பறவையும் நிற்காது. துடுப்புப் படகே நல்லது. காலை ஏற்றத்தில் குறுகிய ஓடைகளுக்குள் நுழைந்து மரங்களைப் பார்த்துவிட வேண்டும், வற்றிய பிறகு அங்கே படகு தட்டும்.

சுரபுன்னையில் இங்கே இரண்டு இனம். பூங்காம்பில் இரண்டே பூ, அதுவும் இலை உதிர்ந்த கணுவில் குட்டையான காம்பில் ஒட்டினாற்போல் இருந்தால் ரைசோஃபோரா அபிகுலேட்டா. இலைக் கக்கத்திலிருந்து நீண்டு தொங்கும் காம்பில் மூன்று நான்கு பூ, இதழோரத்தில் மயிர், அகன்ற இலையின் நுனியில் முள் இருந்தால் ரைசோஃபோரா மியூக்ரோனேட்டா. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மரம் ஒன்றும் இந்தக் காட்டில் உண்டு. பறங்கிப்பேட்டை ஆய்வாளர் கதிரேசன் 1990களில் அதை விவரித்து, பல்கலைக்கழகத்தின் பெயரையே சூட்டினார்: ரைசோஃபோரா அண்ணாமலையானா. இரண்டு இனமும் கலந்து வந்த கலப்பு அது, மரபணுச் சோதனையிலும் அப்படித்தான் தெரிந்தது. பூக்கும், ஆனால் பெரும்பாலும் காய் பிடிப்பதில்லை. காய் தொங்காத செழித்த சுரபுன்னை கண்ணில் பட்டால் படகை நிறுத்திப் பூக்களை எண்ணுங்கள்.

தில்லை மரத்தைக் கையால் தொடாமல் பாருங்கள். சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த மரம், கோயிலின் தலவிருட்சம், இன்று பார்க்க வேண்டுமானால் இங்கேதான் வர வேண்டும். உதிரப்போகும் இலை சிவந்திருக்கும். ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. கிளையை ஒடித்தால் வரும் பால் தோலில் பட்டால் கொப்புளம், கண்ணில் பட்டால் பார்வையே மங்கும். பட்டுவிட்டால் கசக்காமல், நிறைய நல்ல தண்ணீரால் கால் மணி நேரம் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு கேன் குடிநீர் படகில் இருப்பது இதற்காகவும்தான்.

மரத்தின் சுற்றளவை வழக்கமாகத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் எடுப்பார்கள். சுரபுன்னையில் அந்த உயரத்தில் தாங்குவேர்கள்தான் இருக்கும். மிக மேலே உள்ள தாங்குவேருக்கு 30 செ.மீ. மேலே எடுத்து, எந்த உயரத்தில் எடுத்தீர்கள் என்றும் எழுத வேண்டும்.

வற்றம் தொடங்கியதும் இடுப்பளவு நீரில் இருளர்கள் இறால் தடவுவதைக் காணலாம். வலை கிடையாது. குனிந்து இரண்டு கையாலும் சேற்றைத் தடவி, விரலில் பட்ட இறாலைப் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட ஓலைப்பறிக்குள் போடுவார்கள். எந்தத் திட்டோரம் எந்தத் திதியில் இறால் ஒதுங்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். மரியாதையோடு கேட்டால் சொல்வார்கள். படம் எடுப்பதற்கு முன்னும் கேளுங்கள்.

காட்டின் உட்புறத்தில் மரமே இல்லாத வழுக்கை நிலங்கள் இருந்ததற்குக் காரணம் 1970கள் வரை பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டியதுதான். நிழல் போனதும் சேறு காய்ந்து அமிழ்ந்து தட்டுப் போலானது, உள்ளே வந்த ஓதநீர் வெளியேற வழியில்லாமல் தேங்கிக் காய்ந்தது, உப்பு ஏறி விதை எதுவும் பிழைக்கவில்லை. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டினார்கள்: நடுவே ஒரு பெரிய வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள். ஏற்றத்தில் நீர் வந்து, வற்றத்தில் முழுதும் வடிந்து, உப்பைக் கழுவிக்கொண்டு போனது. கன்றுகளை வாய்க்காலின் அடியில் நடவில்லை, மேட்டிலும் நடவில்லை, சரிவின் நடுவில் நட்டார்கள். அடியில் நட்டால் எப்போதும் மூழ்கி அழுகும், மேட்டில் உப்பு. பல இடங்களில் நடவு தோற்பதற்கு இந்த ஒரு சாண் உயர வித்தியாசம்தான் காரணம், கன்றின் தரமல்ல.

சுரபுன்னையை நடுவதானால் முற்றிய முளைக்காய் வேண்டும், அதாவது மரத்தில் தொங்கும்போதே முளைவிட்ட காய். காய்க்கும் முளைக்கும் இடையே வளையம் தெரியும், மியூக்ரோனேட்டாவில் மஞ்சளாகவும் அபிகுலேட்டாவில் சிவப்பாகவும். வளையம் தெரியாததைப் பறிக்காதீர்கள். ஈரச் சாக்கில் நிழலில் சில நாள் வைத்துவிட்டு நட்டால் நண்டு கடிப்பது குறையும். கூர்முனை கீழே, மூன்றில் ஒரு பங்கு சேற்றுக்குள், இடைவெளி ஒரு மீட்டர். ஆட்டையும் மாட்டையும் தடுக்காவிட்டால் வெண்கண்டல் கன்று ஒன்றும் மிஞ்சாது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, பறங்கிப்பேட்டை ஆய்வாளர்கள் இந்தக் கரையின் 18 குக்கிராமங்களை ஒப்பிட்டு, காட்டுக்குப் பின்னால் இருந்தவற்றில் இழப்பு குறைவு என்று 2005ல் எழுதினார்கள். உலகம் முழுக்க மேற்கோள் காட்டப்பட்டது. மறு ஆண்டே அதே தரவை எடுத்து, கடலிலிருந்து தூரமும் தரையின் உயரமுமே பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். காட்டுக்குப் பின்னால் உள்ள ஊர் மேட்டிலும் கடலிலிருந்து தள்ளியும் இருந்தால் மரத்தின் பலனையும் மேட்டின் பலனையும் பிரிப்பது எவ்வளவு கடினம் என்பது, இந்தப் படகிலிருந்தே கரையின் சரிவைப் பார்க்கும்போது நன்றாகப் புரியும். காட்டைக் காக்க இந்த ஒரு காரணத்தையே நம்ப வேண்டியதில்லை என்பது எங்கள் கருத்து. இறால் தடவும் கைகள் போதும்.

அனுமதியோடு நட்ட கன்றுகளுக்கு எண்ணிட்ட அலுமினியத் தகட்டைத் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கினால் தண்டு பருக்கும்போது அறுக்கும். உயரம், இலை எண்ணிக்கை, அடித்தண்டில் கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வாழும் சிற்றுயிர்) ஒட்டியிருக்கிறதா என்பவற்றோடு திதியையும் மணியையும் எழுதி வையுங்கள். அடுத்த மாசியில் இதே திதியில், இதே வற்றத்தில் வந்தால்தான் நீர்மட்டம் ஏறக்குறைய இதே அளவில் நிற்கும், தகடுகளும் வெளியே தெரியும்.